பிழை பார்க்கும் பெட்டி

போன சனிக்கிழமை சாயங்காலம் தார்தோ பெர்த்தினாத் சோபாவை விட்டு எழுந்தபோது மாத்தே என்ற கசப்புத் தேநீர் குடித்த குவளையைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்துவிட்டான். கால்நடை மருத்துவனான அவனை வடக்கே தாக்குவாரெம்போவுக்கு மாற்றியிருந்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், நிபியா. நீ வந்தா ரெண்டு பேரா போவோம். வரலைன்னா, இனிமே சனிக்கிழமை சாயங்காலம் எனக்காக சோபாவுல இடம் வைக்க வேண்டாம்."

பதினோரு வருஷ நிச்சயதார்த்தத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நிபியா மலான் வாசல் வரை போய் அவனை வழியனுப்பக்கூட இல்லை.

கல்யாணம் ஏன் இத்தனை வருஷம் தள்ளிப்போனது என்று வில்லா ரோஸ்தான் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் அப்பா எல்பியோ, ஊருக்கெல்லாம் மரியாதையாகத் 'தொன் எல்பியோ', ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னவரே இல்லை. "போம்மா, தாராளமா போ. நான் என்ன கையைக் காலைக் கட்டியா வச்சிருக்கேன்? போறதுக்கு முன்னாடி புரூஃப் யாரு பாப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்பார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. அவர் நடத்தும் வாரப் பத்திரிகை 'எல் அராதோ'வுக்கு முதலில் அம்மா பிழை பார்த்தாள். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அந்த வாரமே சிவப்புப் பென்சில் இவள் கைக்கு வந்துவிட்டது. அப்போது எடுத்த பென்சிலை இன்னும் கீழே வைக்க முடியவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி ஹெபெர் நனைந்த மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் பேண்டு போட்ட பிளாப்பிக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தபோது, நிபியா கையிலிருந்த புரூஃப் தாளைத் தள்ளிவைத்தாள்.

"இதான்க்கா. எழுத்துப் பிழை பாக்குற புரோகிராம். ரொசாரியோவுல ஒருத்தர் குப்பையில போட இருந்தாரு, நான் வாங்கிட்டு வந்துட்டேன்."

"ஏன் குப்பையில போடறாங்க?" என்று தொன் எல்பியோ தன் நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"புது கம்ப்யூட்டர்ல எல்லாம் இது தானாவே வருதாம்ப்பா. நம்மளது கிழட்டுப் பெட்டி. இதுக்கு ஒவ்வொண்ணா ஊட்டித்தான் விடணும்."

பால் பண்ணைக்காரர்கள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. போன குளிர்காலத்தில் ஹெபெர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். தட்டச்சுக்கு மட்டும் பயன்பட்டது. அதையும் நிபியாவையும் அறையின் மூலையில், சுவருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் திணித்து வைத்திருந்தார்கள். அவள் வெளியே வரவேண்டுமென்றால் அப்பா எழுந்து தன் நாற்காலியை நகர்த்த வேண்டும். பெரும்பாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். "இப்ப என்ன அவசரம்?" என்பார்.

ஹெபெர் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டி முதல் பிளாப்பியைப் போட்டான். பெட்டி கடகடவென்று மென்றது. நிபியா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரூஃப் பார்க்க இந்தப் பெட்டி கற்றுக்கொண்டால் அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளுக்கு ஒரு இருக்கை உண்டு. உலகத்தில் எந்த வேலைக்காரியாவது தன் வேலையைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு இயந்திரத்தைக் கெஞ்சியிருப்பாளா? இவள் கெஞ்சினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"டேய், இடம் இல்லைன்னு சொல்லுதுடா."

"ஏதாவது அழிக்கணும்க்கா."

"எதை அழிக்கிறது?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் பெரும்பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தவை அவருடைய தலையங்கங்கள்.

"என் தலையங்கத்துல ஒரு கமாவைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்றார் தொன் எல்பியோ.

ஹெபெர் பெருமூச்சு விட்டான். "அப்ப என் சீட்டாட்டத்தை அழிச்சிரு. வேற வழியில்லை."

"அழுதுராதடா."

"அழாம? மழைக்காலம் பூரா நான் என்ன பண்றது?"

"பொண்டாட்டியோட பேசு."

"அதுக்கு இந்தப் பெட்டியே மேல்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெபெர் தன் சீட்டுக்கட்டைத் தானே அழித்தான். இடம் கிடைத்தது.

அடுத்த பிளாப்பி நல்லபடியாகப் போனது. அதற்கடுத்தது மாட்டிக்கொண்டது. படிக்க முடியவில்லை என்று பெட்டி அடம்பிடித்தது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதே பதில். நிபியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு பிளாப்பிக்காகவா அழுவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நமத்துப் போயிருக்கும்" என்றான் ஹெபெர். இந்த ஆற்றங்கரைக் குளிரில் உப்பு நமத்துப்போகும், தீப்பெட்டி நமத்துப்போகும், தலையணைகூட நமத்துப்போகும். பிளாப்பி மட்டும் என்ன விதிவிலக்கா? அவன் அதைக் கைக்குட்டையில் சுற்றி விறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் வைத்தான்.

"ரொட்டியா சுடறே?" என்றார் அப்பா.

"காயட்டும்ப்பா."

"கருகப்போவுது பாரு."

அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. நிபியா அதைக் கவனித்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. அப்பா எழுந்து போய் எடுத்தார். எதிர்முனையில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. தபாலாபீசுக்கு எதிர்வீட்டு தோன்யா சுல்மா.

"தொன் எல்பியோ! நான் கொலோனியாவுக்குத் தங்கச்சியைப் பாக்கப் போயிட்டேன்னு போன வாரம் போட்டுட்டீங்களே! நான் எங்கேயும் போகலை! ஜுரத்துல படுத்துக் கெடக்கேன்!"

"போறேன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க, தோன்யா சுல்மா?"

"சொன்னேன். போக முடியலை. ரொட்டிக் கடையில ஒருத்தி என்னைப் பாத்துட்டு, நீங்க கொலோனியாவுல இல்ல இருக்கீங்கன்னு கேக்குறா! பாஸ்டர் வீட்டம்மா வணக்கம்கூடச் சொல்லாம போறா! ஒரு திருத்தம் போட்டுடுங்க."

தொன் எல்பியோ சிரிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சிரித்ததே கிடையாது. "அராதோ ஆரம்பிச்ச நாள்லேருந்து திருத்தம்னு ஒரு வரி போட்டதில்லைம்மா. இனிமேயும் போடமாட்டேன். ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு. கம்பளியைச் சுத்திக்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க. அப்ப எல்லாம் சரியாப்போயிடும்."

வில்லா ரோஸ்தானில் இது ஒன்றும் அதிசயமில்லை. எட்டாம் பக்கத்தில், 'ஊர்ச் செய்திகள்' பகுதியில் வந்துவிட்டால் அது நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பிறந்தநாள், ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், பயணம், எதுவானாலும் சரி. வெள்ளிக்கிழமை காலை அதில் ஒரு பெண்ணின் கல்யாணச் செய்தி வந்தால் மத்தியானத்துக்குள் அவள் வீட்டு மேசையில் கேக்குகள் வந்து குவிந்துவிடும். அதற்கப்புறம் மாப்பிள்ளையே வந்து மனசு மாறிவிட்டது என்று சொன்னாலும் ஊர் காதில் போட்டுக்கொள்ளாது.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால், தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு பையும் குடையுமாகப் பஸ் நிறுத்தத்தை நோக்கித் தோன்யா சுல்மா போவதை நிபியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. ஜுரத்தோடு அந்தம்மாவாவது ஊரைத் தாண்டிப் போகிறாள்.

பிளாப்பி காய்ந்து வேலை செய்தது. ஹெபெர் அடித்த கும்மாளத்தில் அப்பாவின் மாத்தே சிந்தியது. மிச்சமிருந்ததும் உள்ளே போனது. கடைசியில் பெட்டி கொஞ்ச நேரம் மூச்சே விடாமல் நின்றது. பிறகு திரையில் ஒரு சிறு கட்டம் வந்தது. தெரியாத சொல் வந்தால் அங்கே நிற்கும். கீழே மூன்று பொத்தான்கள்: மாற்று, விடு, சேர்.

"பரீட்சை வைப்போம்" என்றார் தொன் எல்பியோ. அவர் முகம் இறுகியிருந்தது. "காலையில நிபியா பாத்து முடிச்சாளே விவசாயப் பக்கம், அதை ஓட்டு. அவ விட்ட ஒரு தப்பை இது புடிச்சுதுன்னா நான் இதை ஒத்துக்கறேன். புடிக்கலைன்னா பெட்டியைத் தூக்கி மழையில வை."

நிபியா விட்ட தப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேசினார்.

அவருக்குத் தெரியாதது இன்று காலையில் நடந்தது. விவசாயப் பக்கத்தில் சில பிழைகளை அவள் பார்த்தாள். பார்த்தும் விட்டுவிட்டாள். அப்பாவின் குணம் அவளுக்குத் தெரியாதா? பெட்டி வந்தால் முதலில் தன்னோடுதான் மோதவிடுவார் என்று முன்பே கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் சிவப்புப் பென்சிலோடு அந்தப் பிழைகளைத் தாண்டிப் போனபோது அவளுக்கு உடம்பே கூசியது. யார் வீட்டிலோ திருடியதுபோல இருந்தது.

ஹெபெர் பொத்தானை அழுத்தினான். பெட்டி ஆட்டுச் சொறிக்கு மருந்தடிக்கும் கட்டுரையில் மெதுவாக ஊர்ந்து போய் நின்றது.

"புடிச்சிருச்சு!" ஹெபெர் குதித்தான். "அப்பா, பாருங்க, எழுத்து மாறியிருக்கு!"

உருளைக்கிழங்கு விலையில் இன்னொன்று. மழையளவுக் குறிப்பில் மற்றொன்று. ஒன்றே ஒன்றை மட்டும் அது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டது. அந்த ஒன்றைப் பிறகு யாரும் பார்க்காதபோது அவளே திருத்தினாள். பழக்கம் அவளை விடவில்லை.

தொன் எல்பியோ பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். கண்ணில் புரை. டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்கமாட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணா? நீயா?"

"களைப்பா இருந்துதுப்பா."

"உங்கம்மா கடைசி வாரம் படுக்கையில கெடந்தபடி பாத்தா. ஒண்ணு விட்டதில்லை."

அந்தச் சொல் அவளைச் சரியாகக் குத்தியது. நான் வேண்டுமென்றே விட்டேன் என்று கத்த நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தோற்க வேண்டும் என்றுதானே உட்கார்ந்தாள்? தோற்றாகிவிட்டது. ஆனாலும் வலித்தது.

அப்பாவுக்கோ கொஞ்ச நேரத்திலேயே வருத்தம் பறந்துவிட்டது. எந்தப் புதுச் சாமானானாலும் ஊருக்கு முன்னால் தன் வீட்டில் இருந்தால் அவருக்குக் குஷி. தொலைபேசியை எடுத்து நோட்டரி நண்பரைக் கூப்பிட்டார். "இனிமே அராதோவுக்கு மனுஷக் கண்ணே வேண்டாம், கேட்டியா! பெட்டி பாக்குது! நான் உக்காந்து பொத்தானை அமுக்குனா போதும்! கொலோனியாவுல இருக்கிற பெரிய பேப்பர்காரங்க வந்து பாக்கட்டும்!"

அவர் போனை வைக்கும்வரை நிபியா காத்திருந்தாள். ஹெபெர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கேளு என்று உதட்டை அசைத்தான்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை போறேன்."

"எங்கே?"

"தாக்குவாரெம்போவுக்கு. தார்தோவோட."

தொன் எல்பியோ அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார். அது பற்றிக்கொள்ளும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானேம்மா உனக்குக் கை ஒழிஞ்சிருக்கு" என்றார் கடைசியில், ரொம்ப அன்பாக. "இத்தனை நாளா புரூஃப்புலயே உன் பொழுது போச்சு. இனிமே எவ்வளவு வேலை செய்யலாம்! விளம்பரம் கேக்க ஆள் இல்லை. ரேடியோக்காரன் வாராவாரம் செய்தி படிக்கச் சொல்றான், நீ படி, உனக்கு நல்ல குரல். அமாந்தா அத்தைக்கு முட்டி வலி, கூட இருக்க ஒருத்தர் வேணும்."

நிபியா பெட்டியைக் கைகாட்டினாள். "புரூஃப் யாரு பாப்பாங்கன்னு கேட்டீங்க. பதினோரு வருஷமா அதைத்தான் கேட்டீங்க. இப்ப பெட்டி பாக்குது."

"பெட்டி புரூஃப் பாக்கும். சூப்பு வைக்குமா?"

"சூப்புக்கு எங்க வீட்டுக்கு வாங்கப்பா" என்றான் ஹெபெர்.

"உன் பொண்டாட்டி வைக்கிறதுக்குப் பேரு சூப்பாடா? கால் கழுவின தண்ணி."

"அப்பா!" நிபியாவின் குரல் உடைந்தது. "அவர் டிக்கெட் எடுத்துட்டாரு. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டாரு."

"வருவான், வருவான். இத்தனை வருஷம் உக்காந்தவன் இன்னும் ஒரு குளிர்காலம் உக்காந்தா சோபா தேஞ்சா போயிடும்?" அவர் பக்கத்தில் வந்து அவள் தலையைத் தடவினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இந்த வீட்டுல தனியா நான் என்னம்மா பண்ணுவேன்? சாயங்காலம் ஆனா ஒரு குரல் வேண்டாமா?"

திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். தடவிக்கொடுத்தால் என்ன செய்வது? பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் இத்தனை வருஷம் அவளைப் பூட்டிவைத்தது. அது அவளுக்கு இன்றுதான் உறைத்தது. புரூஃப் வெறும் சாக்கு. பெட்டி வந்து இந்தச் சாக்கு போனால் சூப்பு, சூப்பு போனால் அத்தையின் முட்டி. அவர் உயிரோடு இருக்கும்வரை சாக்குக்குப் பஞ்சமே வராது. வெளியே போகிற கதவு என்று அவள் இத்தனை நாளாகத் தட்டிக்கொண்டிருந்தது சுவர்.

ஹெபெர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கொட்டகைக்குப் போய்விட்டான். அச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டும். அவனுக்கும் முகம் விழுந்திருந்தது.

எட்டாம் பக்கம் இன்னும் பாக்கி. தட்டச்சு செய்ய வேண்டியவை மேசையில் கிடந்தன. நிபியா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? வியாழக்கிழமை ஆயிற்றே.

பெர்த்தினாத் குடும்பத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம். கசாப்புக் கடை தார்தோ கோனெத்துக்கு அறுபதாவது பிறந்தநாள். தூர்ன் சகோதரிகள் மொந்தெவிதேயோ போய்த் திரும்பினார்கள். விரல்கள் தாமாக ஓடின. ஊரில் எல்லாரும் பிறக்கிறார்கள், போகிறார்கள், வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் அவள் பெயர் வருவது ஒரே இடத்தில்தான். அடியில், சின்ன எழுத்தில்: பிழை திருத்தம் நிபியா மலான், ஆசிரியர் எ. மலான். அதற்குமேல் ஓர் அரை அங்குலம் காலியாக இருந்தது. வழக்கமாக அங்கே ஒரு பூக்கோலம் போடுவாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் பூக்கோலம் போடவில்லை.

'செல்வி நிபியா மலானும் டாக்டர் தார்தோ பெர்த்தினாத்தும் மணம் செய்துகொள்கிறார்கள். இந்த ஞாயிறன்று இருவரும் தாக்குவாரெம்போவுக்குப் புறப்பட்டு அங்கேயே குடியேறுகிறார்கள். நண்பர்கள் அனைவரிடமும் விடைபெறுகிறார்கள்.'

அடித்து முடித்துவிட்டு அதைப் பார்த்தாள். அழித்துவிடலாம், ஒரு விசைதான். விரல் அதன்மேல் போய் நின்றது.

"முடிஞ்சுதா?" அப்பா எழுந்தே வந்துவிட்டார். நாற்காலியையும் நகர்த்தினார். "எழுந்திரு, எழுந்திரு. நான் ஓட்டறேன். நோட்டரிகிட்ட சொல்லியிருக்கேன்ல."

"நான் ஒருதடவை படிச்சிடறேன்ப்பா."

"எதுக்கு? மூணு தப்பு விட்டவ படிக்கிறதுக்கா? எழுந்திரும்மா."

அவள் எழுந்தாள். அவர் உட்கார்ந்து, கட்டம் மட்டும் தெரியும்படி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார்.

பெட்டி பெர்த்தினாத்தில் நின்றது.

"பெர்த்தினாத் தெரியாதாம்! ஊர்ல பாதிப் பேர் பெர்த்தினாத். என்ன பண்றது இப்ப?"

"'சேர்'னு இருக்கில்ல, அதை அமுக்குங்க. அப்புறம் அந்தப் பேர்ல நிக்காது."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பெயராகச் சத்தம்போட்டு வாசித்துப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தார். "தார்தோ. கத்துக்கோ, நம்ம கசாப்புக்காரன். கோனெத். தூர்ன், இவளுங்களை நீ தெரிஞ்சுக்காம இருக்கிறதே நல்லது." சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். நிபியா அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

பெட்டி மறுபடி நின்றது.

"நிபியா" என்று வாசித்தார் தொன் எல்பியோ. "உன் பேரு தெரியலையாம்."

அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"சேர்" என்று அழுத்தினார். அடுத்த சொல்லில் நின்றது. "மலான்! அட மடப்பயலே, யார் வீட்டுல உக்காந்துக்கிட்டு மலான் தெரியாதுங்கறே? அடிவரிக்கு வந்துட்டோம் போல." அதையும் சேர்த்தார்.

இப்போதாவது சொல்லிவிடலாம். அப்பா, அது அடிவரி இல்லை, கொஞ்சம் மேலே பாருங்கள் என்று. சொல்ல வேண்டும் என்று மனசாரத் தோன்றியது. இப்படி முதுகுக்குப் பின்னால் நின்று அவரை ஏமாற்றுவதைவிடச் செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தால் அவர் கை நடுங்கும், அவளும் உருகுவாள், ஞாயிற்றுக்கிழமை பஸ் அவள் இல்லாமல் போய்விடும். பெட்டி ஏற்கெனவே படித்த தார்தோவையும் பெர்த்தினாத்தையும், அதன் அகராதியிலேயே இருந்த தாக்குவாரெம்போவையும் சத்தமில்லாமல் தாண்டி, அடிவரியையும் தாண்டிப் போய் முடித்துக்கொண்டது.

"ஒரு தப்பும் இல்லை!" தொன் எல்பியோ நாற்காலியில் சாய்ந்து கைதட்டினார். "அனுப்பு உள்ளே."

அவள் தாளை அச்செடுத்தாள், வெட்டி ஒட்டினாள். பக்கத்தைக் கொண்டுபோய் ஹெபெரிடம் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள். அவனுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அராதோவை அச்சடிப்பவன் அதில் ஒரு பக்கம்கூடப் படித்தது கிடையாது. மைபட்ட கையோடு எவன் படிப்பான் என்பான்.

பின்கொட்டகையில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நிபியா அடுப்படிக்குப் போய் சூப்புக்கு எலும்பைப் போட்டாள், பூசணியை நறுக்கினாள். நாளை இந்நேரம் ஊரே படித்திருக்கும். வாசலில் கேக்கோடு ஆட்கள் வந்திருப்பார்கள். மறுப்பு போட அப்பாவால் முடியாது. தோன்யா சுல்மாவுக்குப் போடாதவர் தனக்காக மட்டும் போட்டுக்கொள்வாரா? போட்டால் அப்புறம் இந்த ஊரில் அவர் பத்திரிகையை யார் நம்புவார்கள்? அவருடைய சொல்லை வைத்தே அவரைக் கட்டியாகிவிட்டது. பூசணியின்மேல் அவள் கண்ணீர் சொட்டியது. சந்தோஷமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இயந்திரம் சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை அது நடுவில் நிற்பதே இல்லை. நிபியா கத்தியோடு கதவுக்கு வந்தாள். கொட்டகை வாசலில் ஹெபெர் நின்றிருந்தான். கையில் ஈரமான ஒரு பிரதி. பிரித்து, மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா நிறுத்திட்டே?" என்றார் தொன் எல்பியோ உள்ளே இருந்து. "தப்பு ஏதாவது போயிடுச்சா?"

ஹெபெர் நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா போய்விட்டால் அப்பாவின் சாயங்காலங்கள், அத்தையின் முட்டி, அந்த மூலை மேசை எல்லாம் யார் தலையில் விழும் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் முகத்தில் அது ஓடியது. அவள் அசையாமல் நின்றாள். கெஞ்சக்கூட இல்லை.

"தப்பு ஒண்ணும் இல்லப்பா" என்றான் ஹெபெர். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பேப்பர் இன்னொரு கட்டு பிரிக்கணும். இந்த வாரம் கூட அடிக்கணும்ப்பா. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க."

அராதோவில் கூடுதலாக அச்சடிப்பது, ஊர்ப் பெரிய மனிதர் யாராவது இறந்துபோனால் மட்டும்தான். தொன் எல்பியோ மாத்தே குவளையைத் தரையில் வைத்தார். மெதுவாகத் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினார். அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்காக எழுந்தும் நின்றார்.

"ஐயோ கடவுளே" என்றார். "யாருடா செத்துப்போனது?"